சைக்கிள் டைனமோவில் பதிந்த பாட்டுகள்

யாழ்ப்பாணத்தில் 1990க்கும் 1995க்கும் இடையில் வீடுகளில் பதிவான கசெற்றுகளைத் திகதி எழுதியிராவிட்டாலும் அடையாளம் காணலாம். அவற்றில் சுருதி நிற்காது. ஒரு கட்டையில் தொடங்கும் பாட்டு மெல்ல மெல்ல ஏறும்; சட்டென்று இறங்கும்; மறுபடி ஏறும். பாடியவருக்குச் சுருதி தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பாட்டுகள் மின்சபை தந்த மின்சாரத்தில் பதிந்தவையல்ல, பற்றரியில் பதிந்தவையும் அல்ல. கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் பெடலை ஒருவர் கையால் சுற்ற, பின்சில்லில் உரசிக்கொண்டு ஓடிய டைனமோ தந்த மின்சாரத்தில் பதிந்தவை.

1990 யூனில் போர் மறுபடி மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. பொருளாதாரத் தடையும் வந்தது. எரிபொருள், சீமெந்து, உரம் என்று நீண்ட அந்தப் பட்டியலில் ரோர்ச் லைற்றுக்குப் போடும் சாதாரண பற்றரியும் இருந்தது. அந்த ஐந்து வருடங்களில் சனம் கண்டுபிடித்தவற்றைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய மோட்டார் சைக்கிள். இரவில் தமிழோசை கேட்க சைக்கிள் டைனமோ. செய்தி கேட்கத்தான் முதலில் சில்லைச் சுற்றினார்கள். பிறகு பாட்டுக் கேட்கவும், பிறகு பதிவு செய்யவும் சுற்றினார்கள்.

அதன் பொறிமுறை எளிமையானது. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாற்று. நாலு பெரிய பற்றரி போடும் ரேப் ரெக்கோடருக்கும் தேவை அதே 6 வோல்ட்தான். டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம். ரெக்கோடருக்கு வேண்டியது நேரோட்டம். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் அந்த வேலையைச் செய்தன. ஒரே ஒரு சிக்கல். கை களைத்தால் வோல்ட் விழும். வோல்ட் ஓர் எல்லைக்குக் கீழே விழுந்தால் ரெக்கோடரின் மோட்டார் மெதுவாகும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு தலைகீழ் உண்டு. போட்டுக் கேட்கும்போது கை களைத்தால் பாட்டு இழுபட்டுச் சுருதி இறங்கும். பதியும்போது கை களைத்தாலோ, பின்னொரு நாள் சரியான வேகத்தில் கேட்கையில் சுருதி ஏறும். கசெற் ஓடவேண்டிய வேகம் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து உலகம் முழுவதும் அதே வேகந்தான். பதிவின்போது அது 4.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால், இன்று நாம் கேட்கும் குரல் ஏறத்தாழ ஒரு முழு சுரத்தானம் மேலே நிற்கும். ஆகவே அந்தக் காலத்துக் கசெற் ஒன்றில் சுருதி ஏறுகிறதென்றால், ஒருவருடைய கை களைத்துக்கொண்டு போகிறது என்று பொருள்.

என்னிடம் அப்படி ஒரு கசெற் இருக்கிறது. 60 நிமிடக் கசெற். 1992இல் பதிந்தது. நான் 1989இல் நியூசிலாந்துக்கு வந்துவிட்டேன். கடிதம் எழுதக் கடதாசிக்கும் தட்டுப்பாடான நாட்களில் வீட்டிலிருந்து எனக்கு வந்த கடிதம் அது. கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்து, யாரோ ஒருவருடைய பயணப் பையில் ஒக்லாந்து வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் முழுக்க அம்மாவும் அப்பாவும் ஊர்ப்புதினம் சொல்கிறார்கள். மறுபக்கத்தில் என் சின்னம்மா பாடுகிறார்.

சின்னம்மா ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. அவர் பாடுவது சினிமாப் பாட்டும் அல்ல, தேவாரமும் அல்ல. வகுப்புப் பிள்ளைகளுக்காக அவரே கட்டிய மெட்டுகள். வாய்ப்பாட்டுக்கு ஒரு மெட்டு, மாதங்களின் பெயருக்கு ஒன்று, பங்கருக்குள் இருக்கும்போது பிள்ளைகள் அழாமலிருக்க ஒன்று. ஒன்பது பாட்டுகள். எங்கேயும் எழுதிவைக்கப்படாதவை. மூன்றாவது பாட்டில் காத்தவராயன் கூத்து மெட்டின் வாடை அடிக்கிறது. இன்னொன்றில் எங்கள் ஊரில் தொட்டில் ஆட்டும்போது இழுக்கும் ஆனந்தபைரவியின் சாயல். வீட்டு மெட்டுகள் அப்படித்தான் பிறக்கின்றன. கோயிலில் கேட்டது, கூத்தில் கேட்டது, வானொலியில் கேட்டது எல்லாம் காதுக்குள் கிடந்து கலந்து, வேலைக்கிடையில் வாயில் வரும். அவற்றை இசை என்று யாரும் சொன்னதில்லை. ஆகவே யாரும் சேகரித்ததும் இல்லை. நாட்டார் பாடலுக்குத் தொகுப்பு உண்டு, கர்நாடக இசைக்குச் சுரக்குறிப்பு உண்டு. ஒரு வீட்டுக்குள் ஒருவர் கட்டிய மெட்டு அந்த வீட்டோடு போய்விடும்.

கசெற்றின் முதற்பக்கத்தில் அம்மா ஒரு வசனம் சொல்கிறார்: "தம்பிதான் சுத்துறான், அவன் பிறகு கதைப்பான்." அவன் கதைக்கவில்லை. ஒரு மணித்தியாலமும் அவன் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தான், கசெற் முடிந்துவிட்டது. அப்போது அவனுக்கு 16 வயது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டாரும் தென்மராட்சிக்குப் போனார்கள். அடுத்த வருடம் ஊர் திரும்பினார்கள். 1996இல் யாழ்ப்பாணத்தில் காணாமற் போன பல நூறு பேரில் தம்பியும் ஒருவன்.

எல்லர்ஸ்லியில் எங்கள் வீடு ரயில் பாதைக்கும் தெற்கு மோட்டார்வேக்கும் பக்கத்தில். குதிரைப் பந்தயத் திடலும் கூப்பிடு தூரம். ஒலிப்பதிவு செய்ய ஏற்ற இடமென்று சொல்ல முடியாது. ஆனால் கசெற்றை எண்ணிமப்படுத்த அமைதி தேவையில்லை, வயர்தான் தேவை. பழைய கசெற் டெக் ஒன்றை வாங்கித் தலையைத் துடைத்து, கசெற்றுக்குள் கழன்று கிடந்த சிறு கம்பளித் துண்டை மறுபடி ஒட்டி, 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் அளவில் கணினிக்குள் இறக்கினேன். ஒரு பக்கம், அரை மணித்தியாலம், ஒரு கிகாபைற்றுக்குச் சற்றுக் கூட வந்தது. இங்கே பிறந்த என் மகள் கணினியில் இசையமைப்பவள். சின்னம்மாவின் பாட்டுகளை எடுத்து மறுபடி செய்யவேண்டும் என்பது அவளுடைய விருப்பம். முதல் தடவை கேட்டுவிட்டு, "பாட்டி கடைசிச் சரணத்தில ஸ்கேல் மாத்துறா, நல்லா இருக்கு" என்றாள். மேலைத்தேயப் பொப் பாடல்களில் கடைசிப் பகுதியைச் சுருதி ஏற்றிப் பாடும் வழக்கம் உண்டு. அவள் அப்படி எடுத்துக்கொண்டாள். அது பாட்டியல்ல, சித்தப்பா என்று நான் சொல்லவேண்டி வந்தது.

அப்படியென்றால் உண்மையான சுருதி எது? ஒலிப்பதிவின் வரலாறு தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கும் கேள்வி இது. மெழுகு உருளையில் பதிந்த ஆய்வாளர்களுக்கும் இதே தலையிடி இருந்தது. போனோகிராபின் சுருள்வில் தளர்ந்தால் வேகம் மாறும். 1900இல் தொடங்கிய பேர்லின் ஒலிப்பதிவுக் காப்பகம் தன் சேகரிப்பாளர்களுக்கு ஒரு வழி சொல்லியிருந்தது. பதிவின் தொடக்கத்தில் ஒரு சுருதிக் குழலை ஊதவேண்டும். பின்னாளில் கேட்பவர் அந்தக் குழலின் சுரம் சரியாக வரும்வரை வேகத்தைத் திருத்திக்கொண்டால், அதற்குப் பிறகு வரும் பாட்டும் சரியாகிவிடும். எங்கள் தீவிலும் அத்தகைய உருளைகள் சுழன்றன. 1907-08இல் செலிக்மன் தம்பதியினர் வேடர்களின் பாடல்களை மெழுகில் பதிந்தார்கள். அவற்றின் இசையை ஆராய்ந்து சாள்ஸ் மையர்ஸ் எழுதிய பகுதி 1911இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் இருக்கிறது. உலகின் ஆகக் குறைந்த சுரங்களைக் கொண்ட பாடல்கள் சில அதில் அளக்கப்பட்டன. அளக்க முடிந்ததற்குக் காரணம் அளவுகோல் இருந்தமை.

எங்கள் கசெற்றில் சுருதிக் குழல் இல்லை. ஆனால் ஐந்தாவது பாட்டுக்கு நடுவில் பின்னேரப் பூசை மணி கேட்கிறது. ஊர்ப் பிள்ளையார் கோயில் மணி. மணிக்குச் சுருதி மாறாது. வார்த்த நாளில் எந்தச் சுரமோ, உடையும்வரை அதே சுரந்தான். ஊரில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன். அதே மணி இன்றும் தொங்குகிறது. கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பினார். மணியோசையில் பல அதிர்வுகள் அடுக்காக இருக்கும். அவற்றில் பலமானது 588 ஹேர்ட்ஸ். கசெற்றில் அதே மணி முதல் அடியில் 601. மூன்று நிமிடம் கழித்துக் கடைசி அடியில் 641. அதாவது தம்பியின் கை அந்த மூன்று நிமிடத்துக்குள் ரேப்பின் வேகத்தை நூற்றுக்கு 2 குறைவிலிருந்து 8 குறைவுக்குக் கொண்டுபோயிருக்கிறது. பாட்டு ஒன்றரைச் சுரத்தானம் உயர்ந்து நிற்கிறது. ஏறத்தாழ 40 செக்கனுக்கு ஒருமுறை கோடு சட்டென்று கீழே விழுந்து மறுபடி ஏறுகிறது. அவன் கை மாற்றியிருக்கிறான்.

மணி என்றதும் இந்த நாட்டில் இருக்கும் தமிழருக்கு வெலிங்டன் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கல மணி நினைவுக்கு வரும். முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்று தமிழெழுத்துப் பொறித்தது. மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்ததை மதபோதகர் வில்லியம் கொலென்சோ கண்டார் என்ற கதையைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்வார்கள். கப்பல் எப்படி வந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எஞ்சியிருப்பது மணியின் மேற்பகுதி மட்டுமே; அடிவாய் இல்லை. எழுத்து மிஞ்சியிருக்கிறது, ஆகவே சொந்தக்காரன் பெயர் தெரியும். அது எந்தச் சுரத்தில் ஒலித்தது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. எழுத்தை வைத்து வரலாறு செய்யப் பழகிய எங்களுக்கு ஒலியும் ஒரு சான்றுதான் என்பது இன்னும் முழுதாக உறைக்கவில்லை.

பழைய வீட்டுப் பதிவுகளுக்கு உயிர்கொடுக்கும் தொழில்நுட்பம் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் உதாரணமும் வெலிங்டனோடு தொடர்புடையது. ஜோன் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயோர்க் வீட்டில் பியானோவோடு பாடிக் கசெற்றில் பதிந்துவைத்த பாட்டொன்றை, அவர் கொல்லப்பட்ட பிறகு, 1994இல் யோக்கோ ஓனோ போல் மக்கார்ட்னியிடம் கொடுத்தார். 1995இல் மற்ற மூவரும் அதை முடிக்கப் பார்த்துக் கைவிட்டார்கள். குரலும் பியானோவும் மின்சார இரைச்சலும் பிரிக்கமுடியாதபடி கலந்துகிடந்தன. பீற்றர் ஜாக்சனின் வெலிங்டன் குழுவினர் பீற்றில்ஸ் ஆவணப்படத்துக்காக உருவாக்கிய மென்பொருள்தான் கடைசியில் லெனனின் குரலைத் தனியே பிரித்தெடுத்தது. 2023 நவம்பர் 2ஆம் திகதி பாட்டு வெளியானது.

இரண்டு கசெற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் துலங்கும். நியூயோர்க் கசெற்றின் நோய் மின்சார இரைச்சல். சுவர் மின்சாரம் உள்ள எந்த வீட்டுப் பதிவிலும் அந்த முனகல் இருக்கும். அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ், இலங்கையிலும் நியூசிலாந்திலும் 50. ஒலிப் பொறியியலாளர்கள் அதை நீக்குவதற்கு முன்னர் சில வேளை அதையே அளவுகோலாக வைத்துப் பழைய பதிவின் வேகத்தைக் கண்டுபிடிப்பதும் உண்டு. எங்கள் கசெற்றில் அந்த முனகல் அறவே இல்லை. இல்லாமையே திகதியைச் சொல்கிறது. அந்த ஊரில் அப்போது மின்சாரம் இல்லை.

நாங்கள் பயன்படுத்தியது அந்த வெலிங்டன் மென்பொருளல்ல. யாரும் இலவசமாக எடுக்கக்கூடிய பிரிப்பு மென்பொருள்கள் 2019 தொடக்கம் வந்துவிட்டன. அவை எந்தப் பாட்டையும் நாலாகப் பிரிக்கும்: குரல், டிரம்ஸ், பேஸ், ஏனையவை. மேலைத்தேய ஸ்ரூடியோப் பாட்டுகளைக் கேட்டுக் கற்றுக்கொண்ட இயந்திரத்துக்கு உலகம் இந்த நாலு பெட்டிதான். சின்னம்மாவின் குரலை ஓரளவு சுத்தமாக முதற்பெட்டியில் போட்டது. மணியும் காகமும் நாலாவதற்குப் போயின. சில்லுச் சுற்றும் சத்தத்தையும் செயின் தட்டும் சத்தத்தையும் அது டிரம்ஸ் பெட்டியில் போட்டது.

அடுத்தது சுருதித் திருத்தம். 1997இல் வந்த ஓட்டோ டியூன் தொடக்கம் இன்றுவரை இவ்வகை மென்பொருள்கள் குரலை அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்துப் பொருத்துகின்றன. எண்ணெய் தேட நிலநடுக்க அலைகளை அலசிய கணிதத்திலிருந்து வந்த கருவி அது. கீபோர்டின் பன்னிரண்டு சுரங்களும்தான் அதற்குச் சரி, இடையில் இருப்பதெல்லாம் பிழை. ஆனந்தபைரவியின் காந்தாரம் இடையில்தான் இருக்கிறது. அசைந்து அசைந்துதான் அது அந்த இராகம். அதைப் பொருத்தினால் தாலாட்டு பள்ளிக்கூட மணியோசை போல் ஆகிவிடும். குரலின் அசைவுக்கும் சில்லின் அசைவுக்கும் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரியும். சின்னம்மா கமகம் கொடுத்தால் குரல் மட்டும் அசையும். தம்பியின் கை தளர்ந்தால் குரல், மணி, காகம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை எல்லாம் சேர்ந்து அசையும். ஆகவே சுருதித் திருத்த மென்பொருளை விலக்கிவிட்டு, மணி அடித்த இடங்களையும் அவற்றுக்கிடையே சில்லின் சத்தத்தையும் பிடித்துக்கொண்டு வேகத்தை மட்டும் திருத்தினோம். ஐந்தாவது பாட்டு நேராக நின்றது. அதில் கிடைத்த ஆதார சுருதியை வைத்து மற்ற எட்டையும் நிறுத்தினோம்.

இங்கேதான் உண்மையான கேள்வி வருகிறது. சின்னம்மாவின் மெட்டை மீட்கவேண்டுமானால் தம்பியின் கையைப் பதிவிலிருந்து அகற்றவேண்டும். அவனுடைய குரல் எங்களிடம் இல்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிந்திய படமும் இல்லை. அவன் 1992இல் உயிரோடு, மூச்சுவாங்கிக்கொண்டு, கை மாற்றிக்கொண்டு இருந்தான் என்பதற்குச் சான்று அந்தச் சுருதிப் பிசகு மட்டுமே.

சின்னம்மா இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார். இரண்டு பிரதிகளை அனுப்பிவைத்தேன். ஒன்று வேகம் திருத்தி, இரைச்சல் நீக்கியது. மற்றது கசெற்றில் உள்ளபடியே. இரண்டையும் கேட்டுவிட்டு முதலாவதைப் பற்றிச் சொன்னார்: "குரல் நல்லாத்தான் இருக்கு மோனை. ஆனா ஒருத்தரும் இல்லாத வீட்டில இருந்து நான் பாடுற மாதிரிக் கிடக்கு."

இறந்தவர் குரலை மறுபடி பாடவைப்பதும் இப்போது சாத்தியம். 2024இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் ஏ. ஆர். ரஹ்மான் உருவாக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, அதற்குரிய ஊதியமும் கொடுத்ததாக அவர் அறிவித்தார். அனுமதியும் ஊதியமும் அவசியமானவை. தொழில்முறைப் பாடகருக்கு அந்த ஏற்பாடு பொருந்தும். வீட்டுப் பதிவுக்கு அது போதாது. அங்கே பாடியவர் மட்டும் பங்காளி அல்ல. சுற்றியவர், பக்கத்தில் இருமியவர், விளக்கைப் பிடித்தவர் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. பெயர் போடுவதென்றால் எல்லோர் பெயரையும் போடவேண்டும்.

ஒலிக் காப்பகங்களின் உலகளாவிய நடைமுறை இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியது. மூலத்திலிருந்து இறக்கிய முதற்பிரதியை எந்தத் திருத்தமும் இல்லாமல், இரைச்சலோடும் பிசகோடும் அப்படியே வைக்கவேண்டும் என்பது அவர்களுடைய விதி. திருத்தங்களெல்லாம் அதன் பிரதிகளில்தான். என்ன திருத்தினோம் என்பதையும் எழுதிவைக்கவேண்டும். நாங்கள் திருத்திய வேகம், செக்கனுக்குச் செக்கன் ஒரு கோடாகக் கணினியில் இருக்கிறது. சின்னம்மாவின் பாட்டிலிருந்து கழித்த ஒவ்வொரு பிசகும் அந்தக் கோட்டில் சேர்ந்திருக்கிறது. எங்கே களைத்தான், எங்கே கை மாற்றினான், எந்தப் பாட்டுக்கு உற்சாகமாகச் சுற்றினான் என்பதெல்லாம் அதில் உண்டு. மெட்டைத் திருத்தியதால்தான் அவனுடைய கையைத் தனியே பார்க்க முடிந்தது. அந்தக் கோட்டையும் ஒரு கோப்பாக, அவன் பெயரிட்டுச் சேமித்திருக்கிறேன்.

மகள் இதுவரை மூன்று பாட்டுகளை முடித்திருக்கிறாள். சின்னம்மாவின் குரல் நேரான சுருதியில் பாடுகிறது. இயந்திரம் டிரம்ஸ் என்று பிரித்துவைத்த சில்லுச் சத்தந்தான் தாளம். அடியில் போகும் தம்புராவின் ஒலியளவை அவள் அந்தக் கோட்டோடு இணைத்துவிட்டாள். சித்தப்பாவின் கை தளரும் இடத்தில் தம்புரா மெலிகிறது. கை மாற்றும் இடத்தில் மறுபடி எழுகிறது. கேட்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ மூச்சுப்போல இருக்கிறது என்பார்கள். தெரிந்துகொள்ள விரும்புபவருக்காகப் பாட்டோடு சேர்த்து விபரம் எழுதியிருக்கிறோம்.

இதை வாசிக்கும் பலரின் வீட்டில், ரொறன்ரோவிலோ மெல்பேர்ணிலோ லண்டனிலோ, பிஸ்கற் ரின்னுக்குள் இப்படிக் கசெற்றுகள் கிடக்கும். ரேப்பின் காந்தப் பூச்சு உதிரத் தொடங்கிவிட்ட வயது அவற்றுக்கு. எண்ணிமப்படுத்துவது இப்போது பெரிய செலவுள்ள வேலையல்ல. ஆனால் இறக்கிய கையோடு இரைச்சல் நீக்கும் பொத்தானை அமர்த்திவிடாதீர்கள். முதலில் உள்ளபடி ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு அந்தக் காலத்தில் அந்த அறையில் இருந்தவர்களில் யார் மிஞ்சியிருக்கிறார்களோ அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: பாடியது யார், மெட்டு யாருடையது, பின்னால் கேட்கும் மணி எந்தக் கோயில், மின்சாரம் எங்கிருந்து வந்தது, சுற்றியது யார். மென்பொருள்கள் வருடத்துக்கு வருடம் கெட்டித்தனம் கூடிக்கொண்டு வரும். இன்று பிரிக்க முடியாததை நாளை பிரிக்கும். இந்தக் கேள்விகளுக்கு மட்டும் அவற்றிடம் பதில் இருக்காது. பதில் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது.